கூண்டுக்காரி மைனிர்

மைனிர் வாயைத் திறந்தால் வருவது அவளுடைய பேச்சாக இருக்காது. பிழைப்பு அப்படி. மேடையில் ஒருவர் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் பேசப் பேச, மண்டபத்தின் கடைசியில் வைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் அதைச் சுடச்சுட ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வெல்ஷ் தெரியாதவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளைக் கேட்பார்கள். இந்தத் தொழிலில் "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று இழுக்கும் வேலை கிடையாது. பேசுகிறவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் மைனிர் ஆட்டுப் பண்ணைக்காரராக மானியம் கேட்டிருக்கிறாள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனாகக் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். சாலைக் குழியைப் பற்றிய ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டபோது இரண்டு பேருக்காகவும் இவளே பேசினாள். அன்றைக்கு முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டதில் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

அவள் ஊரான அபெர்கைனில் அக்டோபர் பிறந்தால் இலக்கிய விழா. இரண்டு மொழியிலும் நடக்கும். பூட்டிக் கிடந்த சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தைத்தான் மண்டபமாக்கியிருக்கிறார்கள். பெஞ்சுகள் அதே பெஞ்சுகள், குளிரும் அதே குளிர். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சின்ன மொழிக்காரர்கள் விருந்தாளியாக வருவார்கள். அவர்கள் கவிதை இங்கே வெல்ஷாகும், இங்குள்ள கவிதை அங்கே போகும். கமிட்டிக்காரர்கள் கவிதையைப் பற்றிச் சண்டை போட்டதை யாரும் பார்த்ததில்லை. கேக்கை யார் சுடுவது என்பதில்தான் அவர்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். விழா தொடங்கிய நாளிலிருந்து கூண்டு மைனிருடையது. "கூண்டுக்காரி" என்றால்தான் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியும்.

அந்தக் கூண்டில் ஒரு தொல்லை இருந்தது. மேடையில் பேச்சு நின்று, ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில், அவள் காதில் ஹெட்போன் சும்மா இரையும். அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு பிள்ளை அழும். அடுத்த தெருவில் கதவைச் சாத்தி வைத்த வீட்டிலிருந்து வருவது போல, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் அழுகை. ஒலிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வயரை எல்லாம் மாற்றிவிட்டு, "ஒண்ணும் கேக்கலியே ஆன்ட்டி," என்றான். அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஊரில், வேறு கூண்டில், வேறு ஹெட்போனிலும் அது கேட்டது. அது யாருடைய பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அழவே இல்லை என்பதும் தெரியும்.

அவள் கல்யாணமாகி மூன்றாவது பனிக்காலம் அது. கடற்கரை டவுனில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போகும்போதே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது, பக்கத்தில் தொட்டில் இல்லை. புருஷன் ஈவர் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு கால்மாட்டில் நின்றான். பிள்ளை செத்தே பிறந்தது, எடுத்துப்போய்விட்டார்கள் என்றான். எங்கே என்றால் தெரியாது.

"நீ எதுவும் கேக்கலியா?"

"டாக்டர் இங்கிலீஷ்ல என்னென்னமோ கேட்டாரு. நான் யெஸ் யெஸ்னு சொன்னேன்."

ஈவர் பால் லாரி ஓட்டுகிறவன். தெரிந்த நாலு பேர் நடுவில் அவனுக்கு ஆங்கிலம் வரும். வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஓடிவிடும். வீட்டில் பாங்க் என்றாலும் வரி ஆபீஸ் என்றாலும் அவனுக்காகப் பேசுகிறவள் மைனிர்தான். அன்றைக்குப் பேச வேண்டியவள் மயக்கத்தில் கிடந்தாள். பிள்ளையைப் பார்க்கிறாயா, பெயர் வைக்கிறாயா, நாங்களே அப்புறப்படுத்திவிடலாமா, எல்லாவற்றுக்கும் "யெஸ்". கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் காது கொடுத்தார்கள் போலிருக்கிறது.

அது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. அவள் மார்பில் பால் கட்டிப் படுக்கையில் கிடந்த அதே நாட்களில், பனியில் வழி அடைபட்டு ஊரில் ரொட்டி இல்லாமல் போயிற்று. ஈவரும் அவன் சிநேகிதன் தச்சர் தில்வினும் டிராக்டரை எடுத்துக்கொண்டு டவுன் வரைக்கும் வந்து வண்டி நிறைய ரொட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரே அவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பாட்டுக் கட்டினார்கள். "ரொட்டி ஈவர்" என்ற பெயர் சாகும்வரை அவனுக்கு நிலைத்தது. பெற்ற பிள்ளையைக் கைகழுவிவிட்டு ஊருக்கு ரொட்டி சுமக்கப் போனவன் என்றுதான் மைனிர் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"அந்த நாளைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை என் காதுல விழக்கூடாது. சாகிற வரைக்கும். புரியுதா?"

"சரி," என்றான் ஈவர்.

மறு வருஷமே அவள் மொழிபெயர்ப்புப் பரீட்சை எழுதினாள். வேலைக்காகத்தான் என்று மற்றவர்களிடம் சொன்னாள். தன் முதுகுக்குப் பின்னால் யாரும் யாருக்கும் புரியாமல் பேசி எதையும் முடித்துவிடக் கூடாது என்ற வெறிதான் காரணம். அதற்கப்புறம் பிள்ளை இல்லை. வாழ்க்கை மோசமும் இல்லை, ஈவர் நல்லவன். லாரியில் போகும்போது நாலு வரிக் கவிதை கட்டுவான், விழாப் போட்டிக்கு அனுப்புவான், தோற்பான், சிரிப்பான். பிப்ரவரி மாதத்தில் ஏதோ ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய் சட்டையெல்லாம் நனைந்து வருவான். எங்கே போனாய் என்று அவள் கேட்டதில்லை. இரவில் அவன் பக்கம் திரும்பிப் படுத்தால் சில நாள் அந்த "யெஸ்" அவளுக்குக் கேட்கும். மறுபக்கம் திரும்பிவிடுவாள்.

போன வசந்தத்தில் ஈவர் போய்ச் சேர்ந்தான். அவன் போன பிறகு அழுகை கூண்டை விட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. கெட்டில் கொதித்து அடங்கும்போது வரும். ரேடியோவை அணைத்தால் வரும். அவள் சுவரில் இருக்கும் அவன் படத்தைப் பார்த்துக் கத்துவாள்: "கேக்குதா? நீ யெஸ்னு சொன்னியே, அதுதான் அழுவுது. போய்ப் பாரு!" கத்தி முடித்ததும் வீடு இன்னும் அமைதியாகிவிடும். பிள்ளைக்கு ஒரு குழியாவது இருந்தால் அதன் தலைமாட்டில் போய் உட்காரலாம். எந்த அடுப்பில் போட்டார்களோ, எந்தப் பள்ளத்தில் கொட்டினார்களோ என்று நினைத்து நினைத்து அவள் இளைத்துப்போனாள்.

இந்த வருஷம் விழாவில் ஈவருக்கு ஒரு அஞ்சலி வைத்திருந்தார்கள். பேசுகிறவர் தில்வின். தச்சு வேலையை எப்போதோ விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் மேசை நாற்காலியோடு ஊருக்குச் சவப்பெட்டி செய்து அடக்கம் செய்து வைத்தவரும் அவர்தான். மேடைப் பேச்சை எழுதிக்கொண்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மைனிருக்கு அதுதான் எரிச்சல். எழுதியதை முன்கூட்டிக் கொடுத்தால்தானே கூண்டில் தடுமாறாமல் சொல்ல முடியும்? காலையில் டீ மேசையில் அவரை மடக்கினாள்.

"என்ன பேசப் போறீங்கன்னாவது சொல்லுங்க. போன தடவை மாதிரி நடுவுல ஆட்டு வியாதிக்குள்ள போயிராதீங்க."

தில்வின் கேக்கை டீயில் நனைத்தார். "அந்தப் பனிக்காலத்தைப் பத்திச் சொல்லலாம்னு பாக்குறேன். இப்பச் சொன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல. உனக்கு ஒண்ணும் இல்லையே, பொண்ணே?"

மறுபடியும் ரொட்டிக் கதை என்று அவள் நினைத்தாள். ஊரே ஆயிரம் தடவை கேட்டுச் சலித்த கதை. "என்ன வேணா சொல்லுங்க. சீக்கிரம் முடிங்க," என்றாள்.

அவர் அவள் தோளைத் தட்டினார். "அவன் உன்னை மாதிரி ஒருத்தியைக் கட்டினானே, அதைச் சொல்லணும்."

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஐஸ்லாந்திலிருந்து வந்திருந்த எழுத்தாளர் ஸ்டெய்னுன் அம்மாள் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கங்கே இன்னும் கொஞ்சம் ஹெட்போன் தலைகள். மற்றவர்கள் எல்லாம் வெல்ஷ்காரர்கள். அவர்களுக்கு மைனிரின் குரல் கேட்காது. விழாச் செயலாளர் மாரெட் விளக்கைக் குறைத்தாள். தில்வின் மேடை ஏறும் வரைக்கும் மைனிரின் காதில் அந்த அழுகை இருந்தது.

"எல்லாரும் ரொட்டிக் கதையைக் கேட்டிருக்கீங்க," என்று ஆரம்பித்தார் தில்வின். "நாங்க ரொட்டி வாங்கப் போகல. ரொட்டி சும்மா பேருக்கு."

மைனிர் சொன்னாள், நாங்கள் ரொட்டி வாங்கப் போகவில்லை என்று. இந்தத் தொழிலில் வாய் முன்னால் ஓடும், மனசு பின்னால் வந்து சேரும்.

"என் பட்டறை வாசல்ல வந்து நின்னான் ஈவர். ஆஸ்பத்திரியிலேர்ந்து பாதி வழி பனியில நடந்தே வந்திருக்கான். 'கேட்டதுக்கெல்லாம் யெஸ்னு தலையை ஆட்டிட்டேன்டா தில்வின், பிள்ளையைத் தூக்கி எரிச்சிருவாங்கடா'ன்னு அழுறான். அழுது என்னடா ஆகும், வண்டியை எடுன்னேன்."

ஸ்டெய்னுன் அம்மாள் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில சாமான் தள்ளுற ஆள் ஒருத்தர் நம்ம பக்கத்து ஆள். அவர் வெல்ஷ்ல பேசுனதும் ஈவருக்கு வாய் திறந்துச்சு. என்ன கெஞ்சு கெஞ்சினான்! அந்த மனுஷன் பின்வாசல் வழியாக் கொண்டாந்து குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்பான்னாரு. அவரும் போன வருஷம் போயிட்டாரு, அதான் இப்பச் சொல்றேன். திரும்பி வர்றப்ப வண்டி நிறைய ரொட்டி. ஈவர் மடியில ஒரு அட்டைப்பெட்டி. கோட்டைக் கழட்டி அதைச் சுத்தியிருந்தான். நீங்கள்லாம் தெருவுல நின்னு கை தட்டினீங்க."

மைனிர் ஒரு வார்த்தை விடவில்லை. கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய பிள்ளையைப் பற்றி யாரோ பேசுகிறார், தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றே இருந்தது.

"தரை கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. குழி தோண்ட முடியல. அந்த வாரம்தான் மிஸ் பியூ இறந்திருந்தாங்க. பெட்டியில வச்சு என் பட்டறையிலதான் இருந்தாங்க. நான் மூடியைத் திறந்தேன். பையனை அவங்க கைக்குள்ள வச்சேன்."

"நான் மூடியைத் திறந்தேன்," என்றாள் மைனிர் ஆங்கிலத்தில். "பையனை அவர் கைக்குள் வைத்தேன்."

அப்போதுதான் மனசு வந்து சேர்ந்தது. மிஸ் பியூ. ஞாயிறு பள்ளியில் வசனம் மறந்துபோனால் வகுப்பு முடியும்வரை நிற்க வைக்கும் மிஸ் பியூ. கல்யாணம் கட்டாதவள், எந்தப் பிள்ளையையும் தூக்கிப் பார்த்திராதவள்.

"போதகர் ஜெபம் பண்ண வந்தாரு. பேர் வேணுமேன்னாரு. ஈவர் 'இத்வல்'னு சொன்னான்."

பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அப்படியே எடுத்துச் சொன்னால் முடிந்தது வேலை. மைனிருக்கு அது வரவில்லை. ஹெட்போன்களுக்குள் ஒரே மௌனம். ஸ்டெய்னுன் அம்மாள் கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பினார். அங்கங்கே மற்ற ஹெட்போன் தலைகளும் ஒவ்வொன்றாகக் கூண்டுப் பக்கம் திரும்பின. மேடையில் தில்வின் இதொன்றும் தெரியாமல் பேசிக்கொண்டே போனார்.

"ஈவரோட பையன் இன்னிக்கும் பின்னால கல்லறைத் தோட்டத்துல அங்கதான் இருக்கான், மிஸ் பியூகூட."

"என் பையன்," என்றாள் மைனிர். இத்தனை வருஷத்தில் பேசுகிறவர் சொன்னதை அவள் மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "என் பையன். என் பையன் இத்வல். என் பையன் அங்கே இருக்கிறான்."

தில்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிஸ் பியூகிட்டயில்ல இருக்கான்? இந்நேரம் எல்லா வசனமும் மனப்பாடம் ஆயிருக்கும், பாவம்." வெல்ஷ்காரர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஹெட்போன் போட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு வந்ததும் மாரெட் ஓடி வந்து கூண்டுக் கதவைத் திறந்தாள். மைனிர் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே தில்வின், முகமெல்லாம் சிரிப்பாக.

"நல்லா வந்துச்சா பொண்ணே? ஈவருக்குப் பிடிச்சிருக்குமா?"

"எனக்குத் தெரியாது தில்வின்."

"அவனுக்குப் பிடிச்சிருக்கும்."

"அதில்ல. எனக்கு எதுவுமே தெரியாது. நீங்க சொன்னது எதுவும்."

கிழவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "வருஷா வருஷம் பிப்ரவரியில கல்லறைக்குப் பனிப்பூ கொண்டு போய் வைப்பானே. நீயும் சேர்ந்துதான் பறிச்சுக் குடுத்து அனுப்புறேன்னு நினைச்சேன். உன்கிட்ட அவன் சொல்லலியா? இத்தனை வருஷத்துலயா?"

"சொல்லக் கூடாதுன்னேன். சரின்னான்."

"பாவிப் பய," என்றார் தில்வின். "யார் எது சொன்னாலும் சரின்னுருவான். ஆஸ்பத்திரியில யெஸ்னு சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் மீறினான்." அவருக்கு உதடு கோணியது. "மேடையில போட்டு உடைச்சிட்டேனே. மன்னிச்சிரு பொண்ணே. நான் ஒரு முட்டாள்."

மாரெட் மணியைப் பார்த்தாள், மைனிரைப் பார்த்தாள். மூன்று மணிக்குக் கவிதைப் போட்டி முடிவு இருந்தது. "நான் பாத்துக்குறேன் ஆன்ட்டி. இங்கிலீஷ்காரங்க ஒரு நாள் புரியாம உக்காரட்டும். நீங்க போங்க."

கல்லறைத் தோட்டம் சேப்பலுக்குப் பின்னால்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தில்வின் முன்னால் நடந்தார். மைனிர் இந்த வழியாக எத்தனை முறை நடந்திருக்கிறாள்! கூண்டு அலுத்துப்போனால் சிகரெட் பிடிக்க இங்கேதான் வருவாள். மிஸ் பியூவின் கல்லில் சாய்ந்துகொண்டுகூட நின்றிருக்கிறாள். கருங்கல்லில் பெயரும் வருஷமும் மட்டும் இருந்தன. மனைவி என்றோ தாய் என்றோ ஒன்றும் இல்லை.

அவள் கல்லுக்கு முன்னால் நின்றாள். தன்னை அறியாமல் கையை இடுப்போடு சேர்த்து, வகுப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றாள். ஈவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது. அவன் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, ஊர் கைதட்டலுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்த மனுஷனுக்குத்தான் அவள் ஆயுள் முழுக்க முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். "ஐயோ ஈவர்," என்றாள். சத்தம் போட்டு அழுதாள். தில்வின் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை அடங்கியதும் அவள் கேட்டாள். "ஈவர் முகத்தைப் பாத்தானா? பிள்ளை முகத்தை?"

"இல்ல. அட்டைப்பெட்டியைத் திறந்தப்ப சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். முடியலடான்னான். போதகர் கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தாரு."

"அப்ப?"

"நான் பாத்தேன்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

மைனிர் அவர் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைக் கண்ட ஒரே மனுஷர் இவர்தான். மழையில் நனைந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எழுபதைத் தாண்டிய கிழவராக நின்றார். "சொல்லுங்க," என்றாள். "கவிதையெல்லாம் வேண்டாம். பாத்ததைச் சொல்லுங்க."

தில்வின் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். "முடி இருந்துச்சு. கறுப்பா, நிறைய. நெத்தியில ஒட்டிக்கிட்டு. ஒரு காது லேசா மடங்கியிருந்துச்சு, ஈவருக்கு இருக்குமே, அதே மாதிரி. மூக்கு உன் மூக்கு, சந்தேகமே இல்ல. கன்னம் சிவப்பு இல்ல, ஆனா தூங்குற பிள்ளை மாதிரிதான். விரல்ல நகம் இருந்துச்சு. இத்தனூண்டு. வாய் கொஞ்சம் திறந்திருந்துச்சு. மிஸ் பியூ கையை நான் எடுத்து மேல போட்டப்ப, அந்த விரல் அவங்க சட்டைக் கையோரத்துல இப்படிப் பட்டுச்சு."

அவர் சொல்லச் சொல்ல, முதலில் மைனிரின் உதடுகள் பழக்கத்தில் அசைந்தன. பிறகு நின்றுவிட்டன. அவர் முடித்ததும் மண்டபத்திலிருந்து கைதட்டல் கேட்டது. போட்டி முடிவைச் சொல்லிவிட்டார்கள் போல.

"மறுபடியும் சொல்லுங்க," என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். முடியிலேர்ந்து."

தில்வின் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "முடி இருந்துச்சு," என்று மறுபடியும் ஆரம்பித்தார். "கறுப்பா, நிறைய."